காலை ஏழு மணிக்கு 0130

மூன்று வாரங்களாகியும் அந்தக் காலைப்பொழுது மனத்தை விட்டு அகலவில்லை. தனியார் விமானி உரிமம் பெற்ற நாள்முதல், காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டின் மேலே ஒருமுறையாவது பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். மேற்கே நான் பயிற்சி பெற்ற ஓடுதளத்திலிருந்து செஸ்னா 152 விமானத்தில் கிளம்பி, வாணியம்பாடி, ஆம்பூர் எனப் பாலாற்றைக் கண்ணால் பார்த்தபடியே வந்து திரும்புவது திட்டம். கிழக்கே அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ராஜாளி விமானதளம் இயங்குவதால், அந்தத் திசையில் நெருங்காமல் காட்பாடியோடு திரும்பும்படி பாதையை வரைந்திருந்தேன். வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்புகள்) எதிலும் தடை இல்லை.

தவறு, பறப்பதற்கு முன் நிரப்பித் தரும் பயணத் திட்டப் படிவமான ஃப்ளைட் பிளானின் 13ஆம் கட்டத்தில் நேர்ந்தது. அங்கே புறப்படும் நேரத்தை யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி எழுத வேண்டும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. காலை ஏழு மணிக்கு 0130 என்று எழுத வேண்டிய நான், முந்தைய நாள் மாலை அவசரத்தில் 0700 என்று எழுதிவிட்டேன். அதனால் விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண் பகல் 12:30 மணிப் புறப்பாட்டுக்கு வந்திருந்தது.

விடியற்காலையில் அலுவலக உதவியாளரிடம், "ஏடிசி வந்துவிட்டதா?" என்று கேட்டேன். "வாங்கியாயிற்று, சார்" என்றார். நான் கேட்டது வான் பாதுகாப்பு எண்ணை. அவர் சொன்னதோ விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு டவரிடம் பேசியதை. ஆங்கிலத்தில் முன்னது ADC, பின்னது ATC; நம் வாயில் இரண்டும் ஏடிசிதான். ஆகவே நண்பர்களே, சுருக்கத்தை நம்பாமல் முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணோடு அது எந்த நேரத்துக்கு உரியது என்பதையும் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

6:50க்கு இயந்திரத்தை இயக்க அனுமதி கேட்டபோது, என் வான் பாதுகாப்பு எண் பகல் 12:30க்கு உரியது என்று டவர் மறுத்தது. அடையாளம் தெரியாத விமானத்தை ரேடார் எதிரியாகக் கருதக்கூடும் என்பதால் மறுத்தது முற்றிலும் சரி. ஆனால் வீட்டு மொட்டைமாடியில் சிவப்புப் போர்வையை விரித்துவிட்டு அப்பா காத்திருந்ததை நினைக்கத் தொண்டை அடைத்தது. புதிய ஃப்ளைட் பிளானைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னதாகத் தர வேண்டும். 7:20க்கு மீண்டும் அனுப்பினேன், இம்முறை 0300 என்று, அதாவது நம் நேரப்படி 8:30. ஃப்ளைட் பிளானை ஏற்றதற்கு விமானத் தகவல் மையம் தரும் எண்ணும் வான் பாதுகாப்பு எண்ணும் 8:10க்குக் கிடைத்தன. இரண்டையும் டவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே இயந்திரம் உயிர் பெற்றது.

இன்னும் ஓர் எச்சரிக்கை: காலை 5:30க்கு முன் புறப்படுவதாக எழுதினால், யுடிசி கணக்கில் அது முந்தைய தேதி. 18ஆம் கட்டத்தில் தேதி எழுதுகிறவர்கள் இதில் எளிதாகத் தவறிவிடுவார்கள்.

ஆம்பூரைக் கடந்தபோது மூடுபனி முற்றிலும் விலகியிருந்தது. காட்பாடி ரயில் நிலையத்துக்கு வடக்கே, அந்தச் சிவப்புப் போர்வை இன்னும் மடிக்கப்படாமல் மொட்டைமாடியில் கிடந்தது.