நாய்க்குட்டி வாங்குமுன் தாயைப் பாருங்கள்

குட்டியைக் கையில் எடுத்தபிறகு யாருக்கும் புத்தி வேலை செய்வதில்லை. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் நீங்கள் உள்ளே நுழைந்ததும் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துவிடுகிறார்கள். பிரீடர், அதாவது நாய்களை இணைசேர்த்துக் குட்டிகளை விற்பவர், எப்படிப்பட்டவர் என்பதைப் பாதிக்குப் பாதி போனிலேயே தெரிந்துகொள்ளலாம். மீதியைத் தாய் நாய் சொல்லிவிடும்.

போனில் முதல் கேள்வி விலையாக இருக்க வேண்டாம். தாய்க்கும் தகப்பனுக்கும் என்னென்ன பரிசோதனை செய்திருக்கிறீர்கள், சான்றிதழை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். "பெடிகிரி பேப்பர் இருக்கு" என்று பதில் வந்தால் அது வேறு விஷயம். அந்தப் பதிவுச் சான்றிதழ் குட்டியின் பெற்றோர் யார் என்று சொல்லும், இடுப்பு மூட்டு எப்படி என்று சொல்லாது. "டாக்டர்கிட்ட காட்டியாச்சு" என்பதும் போதாது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதால் இடுப்பு மூட்டுக் கோளாறு தெரியாது. அதற்கு எக்ஸ்ரே எடுத்து, அந்தத் துறை நிபுணர்கள் தரம் பிரித்திருக்க வேண்டும்.

எந்த இனத்துக்கு எது முக்கியம் என்பதை முன்கூட்டியே படித்துக்கொண்டு பேசுங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே. லாப்ரடாருக்கு அதோடு கண் பரிசோதனையும், பார்வையை மெல்லப் பறிக்கும் பிஆர்ஏ என்ற நோய்க்கான டிஎன்ஏ சோதனையும் வேண்டும். டால்மேஷியனுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பேயர் சோதனை. டாபர்மேனுக்கு இதயம். டாபர்மேனின் இதயத் தசை நோய் பல நாய்களில் நடுவயதில்தான் தலைகாட்டும். ஆகவே இரண்டு வயதில் ஒருமுறை எடுத்த எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியடைய முடியாது. வருடாவருடம் எக்கோவும், இதயத்துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனையும் செய்திருக்கிறார்களா என்று தேதியைப் பாருங்கள்.

டிஎன்ஏ ரிப்போர்ட்டில் 'கேரியர்' (பழுதான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய்) என்றிருந்தால் பதற வேண்டியதில்லை. பிஆர்ஏ போன்ற ஒடுங்கு மரபணு நோய், இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அதனால் கேரியரைக் 'கிளியர்' (அந்தப் பழுது இல்லாத) நாயோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கேரியராக இருக்கும், நோய் எதற்கும் வராது. இரண்டுமே கேரியர் என்றால்தான் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத ஆபத்து. கேரியர் என்று வெளிப்படையாகச் சொல்லி, துணையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கும் பிரீடரை நம்பலாம். "எங்க லைன்ல எந்த நோயுமே கிடையாது" என்று அடித்துச் சொல்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். சோதித்தே பார்க்காதவர் கண்ணுக்கு எல்லா நாயும் ஆரோக்கியம்தான்.

அடுத்து தாயின் வயது. அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு இடுப்பு மூட்டுக்கு இறுதிச் சான்றிதழ் தருவது 24 மாதம் முடிந்தபிறகே. அதற்கு முன் எடுப்பதெல்லாம் முதற்கட்ட மதிப்பீடு. 8 வாரக் குட்டி என்றால், 9 வாரச் சினைக்காலத்தையும் சேர்த்து, இணை சேர்த்து ஏறத்தாழ நான்கு மாதம். அந்தச் சான்றிதழைப் பெற்றபின் இணை சேர்த்ததாகச் சொன்னால், தாய்க்கு இப்போது குறைந்தது 28 மாதம் இருக்க வேண்டும். ஒன்றரை வயதுத் தாய் என்றால் கணக்கு இடிக்கிறது.

இதற்கு முன் எத்தனை ஈத்து, கடைசி ஈத்து எப்போது என்றும் கேளுங்கள். பெட்டை சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால், சினையும் பாலூட்டலுமாகவே அந்த இடைவெளியில் நான்கு மாதம் போய்விடும். உடம்பு தேறுவதற்குள் அடுத்த சினை வந்துவிடும்.

நேரில் போகும்போது குட்டிகள் வளரும் இடத்திலேயே, தாயோடு சேர்த்துப் பாருங்கள். பொதுவான இடத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறந்து இரண்டு மூன்று வாரம்வரை வெளியாட்களை விடமாட்டோம் என்று சொல்வது மட்டும் நியாயம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைக் கழுவச் சொன்னால் கோபப்படாதீர்கள். குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ வைரஸ் செருப்பில் ஏறி வீடுவீடாகப் போகும். அதனால் ஒரே நாளில் நான்கு இடம் சுற்றாதீர்கள்.

தாய் என்று காட்டும் நாயின் வயிற்றைக் கவனியுங்கள். ஆறேழு வாரம் பால் கொடுத்த நாய்க்குக் காம்புகள் நீண்டு தொங்கும், மடியைச் சுற்றி முடி மெலிந்திருக்கும், குட்டிகளின் நகக்கீறல்கூட இருக்கலாம். வயிறு தட்டையாக, காம்புகள் பட்டாணி அளவில் ஒட்டிக்கிடந்தால் அது இரவல் தாய். மெலிந்து, முடி கொட்டி இருப்பது இந்தக் கட்டத்தில் சகஜம். புதியவரைப் பார்த்துக் கொஞ்சம் குரைப்பதும் சகஜம். மூலையில் ஒடுங்கி நடுங்கினாலோ, கடிக்கப் பாய்ந்தாலோ யோசியுங்கள். சுபாவம் கொஞ்சம் ரத்தத்தில் வருகிறது, கொஞ்சம் தாயைப் பார்த்து வருகிறது. பக், பிரெஞ்சு புல்டாக் என்றால் தாய் சும்மா இருக்கும்போது மூச்சு எப்படி வருகிறது என்று காதால் கேளுங்கள். வெயில் இல்லாத நேரத்தில் மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டபிறகும் கேளுங்கள். குறட்டை போன்ற சத்தத்தை "இந்த ஜாதிக்கு இப்படித்தான்" என்று சொல்வார்கள். அது மூச்சுப்பாதை அடைப்பு.

தகப்பன் அங்கே இல்லாவிட்டால் குறையில்லை. நல்ல பிரீடர் தன் பெட்டைக்குப் பொருத்தமான கடுவனை வெளியே தேடிப்போவார். அதன் சான்றிதழ்கள் மட்டும் கையில் இருக்க வேண்டும். பெடிகிரியில் இருபக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய ரத்த உறவுக்குள் இணை சேர்ப்பது) எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் 25, பாதி உடன்பிறப்பு என்றால் 12.5, முன்தலைமுறைகளில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் கூடும்.

'டீகப்' (மிகச் சிறிய நாய்), 'அபூர்வ நிறம்' என்று விளம்பரம் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். இரண்டு மெர்ல் நிற (திட்டுத் திட்டாக நிறம் வெளுத்த) நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டியும் இரட்டை மெர்லாக, அதாவது இருவரிடமிருந்தும் மெர்ல் மரபணு பெற்றுப் பிறக்க 25 சதவீத வாய்ப்பு. அவற்றில் பலவற்றுக்குக் காதோ கண்ணோ பாதிக்கப்பட்டிருக்கும்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தருபவரிடம் வாங்காதீர்கள். "சின்னதா வாங்கினாத்தான் ஒட்டும்" என்பது சாக்கு. நான்கு வாரத்துக்குமேல் குட்டி தின்ன ஆரம்பிக்கும், தடுப்பூசிச் செலவும் சேரும், அதை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். உடன்பிறந்த குட்டிகளோடு மல்லுக்கட்டித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. வயதில் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் பெரும்பாலும் 28 பால்பற்களும் முளைத்திருக்கும். பின்வரிசை இன்னும் ஈறாகவே இருந்தால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் வேண்டும். எட்டு வாரக் குட்டிக்கு "எல்லா ஊசியும் முடிஞ்சிடுச்சு" என்றால் பொய். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை மழுங்கடிப்பதால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை போட்டாக வேண்டும். குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் உப்பல் என்றால் புழு இருக்கலாம்.

நல்லவர் உங்களையும் குடைவார். பகலில் வீட்டில் யார், முன்பு இருந்த நாய் என்ன ஆனது என்று கேட்பார். சிலர் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். எந்த வயதில் வளர்க்க முடியாமல் போனாலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பவர் இப்படிக் கேட்கத்தான் செய்வார்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருக்கட்டும்: வாங்கிய 72 மணி நேரத்துக்குள் நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவரிடம் காட்டி, பிறவிக் கோளாறு இருந்தால் பணம் திரும்ப வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு (துடிப்போடு வரும் அசாதாரணச் சத்தம்), பிளவுபட்ட அண்ணம், தொப்புள் குடலிறக்கம், கடுவனுக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் மருத்துவர் பார்ப்பார். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டதாகச் சொன்னால், மீதிப் பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஸ்கேன் செய்யச் சொல்லி, 15 இலக்க எண்ணைத் தடுப்பூசி அட்டையோடும் பதிவுச் சான்றிதழோடும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.