பதினெட்டுத் தொட்டிச் செவ்வந்தி

16 வாரம் முன்

மலர்க் கண்காட்சியின் சிறு தோட்டப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. 3 மீட்டருக்கு 4 மீட்டர். பத்து வருடமாகத் தொட்டிச் செடி வளர்ப்பவன்தான். ஆனால் குறித்த ஒரு நாள் காலையில் எல்லாம் ஒன்றாகப் பூத்து நிற்க வேண்டும் என்று எந்தச் செடியையும் நான் இதுவரை கேட்டதில்லை.

வரைபடத்தை 1:20 அளவில் போட்டேன். தாளில் 15 செ.மீ.க்கு 20 செ.மீ. என்று அடக்கமாக வந்தது. 25 செ.மீ. விரிகிற ஒரு செடி இந்தக் கணக்கில் 1.25 செ.மீ. வட்டம். ஒவ்வொன்றாக வரைந்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். அக்காவின் தையல் பெட்டியைத் திறந்தால், சட்டைப் பொத்தான் ஏறத்தாழ அதே அளவு! வெள்ளைப் பொத்தான் பெட்டூனியா, நீலம் சால்வியா, மஞ்சள் செண்டுமல்லி, சிவப்பு ஜின்னியா. நகர்த்தி நகர்த்திப் பார்க்க இதைவிட வசதியான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு துளைப் பொத்தான்களைக் காட்சி முடியும்வரை திருப்பித் தரவில்லை என்பது வேறு கதை.

பாதைக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் ஒரு முக்காலிக்கும் 4 சதுர மீட்டர் போக, செடிக்கு மிஞ்சியது 8. சதுர மீட்டருக்கு 16 என்றால் 128 செடி. வாடுவது, ஒடிவது, பூக்க மறுப்பது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கூடச் சேர்த்தேன். மொத்தம் 154 தொட்டி.

விண்ணப்பத்தோடு தோட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பும் எழுதித் தர வேண்டும். "மாலை வெளிச்சத்தில் ஒருவர் தனியே உட்கார்ந்திருக்க ஒரு மூலை" என்று ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிட்டேன். இதைச் சடங்கு என்று நினைத்தது என் அறியாமை. 1913 முதல் லண்டனில் நடக்கும் செல்சி மலர்க் கண்காட்சியிலும் வடிவமைப்பாளர் எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்துத்தான் நடுவர்கள் தோட்டத்தை அளக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன்.

14 வாரம் முன்

நாட்காட்டியைக் காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். பெட்டூனியாவுக்கு 14 வாரம், நீல சால்வியாவுக்கு 12, செண்டுமல்லிக்கு 9, ஜின்னியாவுக்கு 8. நுனி கிள்ளினால் செடி பக்கக் கிளை விட்டுப் புதராகும், ஆனால் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். அதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருந்தது. செவ்வந்தியை மட்டும் விதைக்கவில்லை. ஏற்கெனவே வேர்விட்ட 24 நாற்றுகள் கைவசம் இருந்தன. கவலையில்லை என்று அந்த வரிக்கு நேரே எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பெட்டூனியா விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 இருக்கும். தூசுதான். மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். நனைத்த பல்குச்சி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் குழித்தட்டில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல். எத்தனை விதை மிஞ்சியது என்று எண்ணிப் பார்க்கும் துணிவு வரவில்லை; இன்னொரு தட்டு விதைத்தேன்.

10 வாரம் முன்

வண்ணத்தில் ஒரு பாடம். பூத்திருந்த சிவப்பு ஜின்னியா ஒன்றைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். பூவைக் காணோம்! இலையும் பூவும் ஒரே சாம்பல். என் தோட்டமோ மாலைத் தோட்டம். வெளிச்சம் குறையக் குறையக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலம் நின்று ஒளிரும். செக் உடலியலாளர் புர்க்கின்யே 1819இல் கவனித்துச் சொன்னது இது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. மொட்டைமாடியில் அந்தி சாயும்வரை உட்கார்ந்து நானும் பார்த்தேன். சிவப்பு முழுவதையும் நீக்கினேன். வெள்ளை, நீலம், மஞ்சள் மூன்றும் போதும். சிவப்புப் பொத்தான்கள் அன்றே தையல் பெட்டிக்குத் திரும்பின. ஜின்னியா விதையை மட்டும் வெள்ளைக்கு மாற்றிக்கொண்டேன்.

7 வாரம் முன்

தரையில் கயிறு கட்டி முழு அளவில் தோட்டத்தை அடுக்கிப் பார்த்தேன். செடிகள் சிறியவை என்பதால், உயரத்துக்குக் குச்சி நட்டு அதில் துணி சுற்றினேன். எனக்குப் பிடித்துப்போயிற்று. அக்கா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கிண்ணம் எங்கே?" என்றாள்.

நின்று பார்த்தால் தெரிகிற கிண்ணம் உட்கார்ந்தால் தெரியவில்லை. முன்மூலையில் 90 செ.மீ. உயரக் காஸ்மாஸ் வைப்பதாக இருந்தேன். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 120 செ.மீ. இருக்கும். காஸ்மாஸிலிருந்து அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தரை மறைந்துபோகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிறுவருக்கும் நான் காட்டவிருந்தது வெறும் காஸ்மாஸ் தண்டுகள். அவை பின்வரிசைக்குப் போயின.

5 வாரம் முன்

அந்தச் செவ்வந்திக்கு வருகிறேன். செண்டுமல்லி மொட்டு விட்டாயிற்று, செவ்வந்தி மட்டும் இலையாகத் தழைக்கிறது. ஒவ்வொரு நுனியாக விரலால் விரித்துப் பார்த்தேன். இலைக்குள் இலை, அதற்குள் இன்னும் சிறிய இலை. மொட்டின் சாயலே இல்லை. உரம் மிகுந்துவிட்டதோ என்று இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இருந்த ஆறு செடிகளில் மட்டும் மிளகளவு மொட்டுகள் இருந்தன. மற்ற பதினெட்டும் சுவரோரம், விளக்குக்குக் கீழே நின்றன. இரவில் நத்தையைப் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று நானே மாட்டிய விளக்கு. விடியும்வரை எரியும்.

பகலின் நீளம் பூப்பதை ஆள்கிறது என்று கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் எழுதினார்கள். உண்மையில் செடி கணக்கு வைப்பது இரவின் நீளத்தை என்பது பின்னர் தெரிந்தது. செவ்வந்திக்கு நீண்ட, முறியாத இருட்டு வேண்டும். பூவைத் தள்ளிப்போட நினைக்கும் பண்ணைக்காரர்கள் வேண்டுமென்றே நடு இரவில் விளக்குப் போடுவார்கள். நான் வேண்டாமலேயே அதைச் செய்து வைத்திருக்கிறேன். இன்றிலிருந்து இருட்டில் வைத்தாலும் பூக்க எட்டு முதல் பத்து வாரம். இருப்பதோ ஐந்து.

பதினெட்டையும் வீட்டின் பின்பக்கம், விளக்கே எட்டாத இடத்துக்கு மாற்றினேன். பின்வரிசையின் மஞ்சளுக்கு என்ன செய்வது? எலுமிச்சைப் பச்சையில் இலை விடும் கோலியஸ் ஒன்று முற்றிப்போய்க் கிடந்தது. அதிலிருந்து 54 துண்டு வெட்டித் தொட்டிக்கு மூன்றாக நட்டேன். பத்து நாளில் வேர் பிடித்துவிட்டன. உயரம் மட்டும் வரவில்லை. காலித் தொட்டிகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் தூக்கி வைப்பதென்று முடிவு செய்தேன்.

3 வாரம் முன்

செண்டுமல்லியில் விரிந்த பூ எல்லாவற்றையும் கிள்ளி எறிந்தேன். அடுத்த சுற்று காட்சி நாளுக்கு வர வேண்டும். வாளி நிறையப் பூவைப் பார்த்து அக்கா என்னிடம் அன்று முழுதும் பேசவில்லை.

அமைத்த நாள்

நனைந்த ஆறங்குலத் தொட்டி ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. 154 தொட்டியை ஏற்றி இறக்கிய முதுகு அதைப் பெருக்கிச் சொன்னது. பெட்டூனியாவின் இதழ் காற்றில் கிழியும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தாள் கூம்பு. தொட்டியோடுதான் வைத்தோம், மரப்பட்டைத் துண்டுகளால் விளிம்பை மூடினோம். மேலிருந்து தண்ணீர் தெளித்து வெள்ளைப் பூக்களில் கறை வரவழைத்தவர் பக்கத்து இடத்துக்காரர். அடுத்த முறை அதை நானே செய்வேன் என்பதால் சிரிக்கவில்லை.

நடுவர்கள் மூவர். ஒருவர் குனிந்து, பட்டை விலகியிருந்த ஓரிடத்தில் தொட்டி விளிம்பைச் சரியாகக் கண்டுபிடித்தார். கோலியஸைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய வெற்றி. இன்னொருவர் என் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு, முக்காலியைப் பார்த்தார். "ஒருவர் தனியே உட்கார என்று எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு மேல் செடிகள் நெருக்கியடித்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கின்றனவே" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். முதல் பரிசு பெற்ற தோட்டத்தில் நான் எண்ணியவரை 41 செடிதான்.

காட்சி முடிந்து இன்றோடு 21 நாள். பின்பக்கத்துச் செவ்வந்தியில் இன்று காலை முதல் மொட்டு மஞ்சள் காட்டியது. நத்தைகளும் அங்கே வந்து சேர்ந்துவிட்டன.