இந்த வாலுக்குப் பசிக்குது: கஜீத்தாக நடித்துப் பார்த்த மூன்று மாதம்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் கஜீத் என்ற பூனை இனத்து ஆளாக நடித்து விளையாட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. நாங்கள் மூன்று பேர். நான் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, நண்பன் ஒருவன் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர், மூன்றாமவர் பொள்ளாச்சி அண்ணன். டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் முழுக்கத் தமிழில் பேசியே நடிக்கிறோம். சண்டை போடுவது குறைவு. ஒரு இனத்தைப் பற்றி விளையாட்டுக்குள் கிடக்கும் கதைகளைப் படித்து, அதிலிருந்து ஒரு ஆளை உருவாக்குவதில்தான் எங்களுக்கு ருசி.

பெயரிலேயே முதல் தப்பு செய்தேன். கேட்க நன்றாக இருந்ததால் ரி'சாதோ என்று வைத்தேன். கஜீத் பெயரில் முன்னால் ஒட்டியிருக்கும் அசை அலங்காரத்துக்கு இல்லை, அது பட்டம். 'ட்ரோ' தாத்தா, 'ஜோ' மந்திரவாதி, 'டார்' திருடன், 'ஜா' கல்யாணம் ஆகாத இளவட்டம். 'ரி' என்றால் கூட்டத்துக்கே தலைவன். வியாபாரிகளோடு மூட்டை தூக்கும் பையனுக்கு நான் தலைவன் பட்டத்தைக் கொடுத்திருந்தேன். பெயரை மாற்றக் காசு கட்ட வேண்டும். பதினோராம் லெவலில் அந்த ஆளை அழித்துவிட்டு ஜா'சாதோவாகப் புதிதாகத் தொடங்கினேன். உழைப்பு போனது வருத்தம்தான். ஆனால் பெயர் பொருந்தாத ஆளை வைத்துக்கொண்டு ஒரு வசனம்கூட மனசாரப் பேச முடியவில்லை.

அடுத்தது பேச்சு. கஜீத்துகள் பலர் 'நான்' என்று சொல்லமாட்டார்கள். தங்களையே வேறொரு ஆளைப் போலக் குறிப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் அது எளிதாக வந்துவிடுகிறது, தமிழில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதலில் 'இவனுக்குப் பசிக்குது' என்றேன். "எவனுக்கு?" என்று சித்தூர்க்காரன் கேட்டான். தமிழில் 'இவன்' என்றாலே பக்கத்தில் நிற்பவனைக் காட்டுகிற விரல் ஆகிவிடுகிறது. 'அடியேன்' சொல்லிப் பார்த்தேன், பெருமாள் கோயில் வாசனை வந்தது. கஜீத்துக்கு அந்தப் பணிவு கிடையாது. சொந்தப் பெயரையே சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருந்தது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

விடை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது. அம்மாயி ஒரு நாள் ராத்திரி, "இந்தக் கட்டைக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி குடு கண்ணு" என்றது. பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு, அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. வயதானவர்கள் 'நான்' என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் உடம்பைத் தள்ளி நின்று பார்த்துப் பேசுகிற முறை அது. அதையே எடுத்துக்கொண்டேன்: "இந்த வாலுக்குப் பசிக்குது." "இந்த வாலு பொய் சொல்லாது." யாரும் 'எவனுக்கு' என்று கேட்கவில்லை. சேட்டைக்காரப் பிள்ளையை நாம் வாலு என்றுதானே சொல்கிறோம், அந்த அர்த்தமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜா'சாதோ அன்றைக்குத்தான் பிறந்தான் என்பேன்.

மூன்றாவது சிக்கல் காலக்கணக்கு. இதே வரிசையில் வந்த ஸ்கைரிம் என்ற விளையாட்டில் கஜீத் வியாபாரிகளை நகரத்துக்குள் விடமாட்டார்கள், மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டுத்தான் கடை வைப்பார்கள். செக்போஸ்ட்டில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி மனசில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதனால் வன எல்ஃப் என்ற காட்டு இனத்தாரின் ஊரான எல்டன் ரூட்டுக்கு வெளியே போய் மூட்டையோடு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. வன எல்ஃபாக நடிக்கும் பொள்ளாச்சி அண்ணன் நடிப்பை நிறுத்திவிட்டுச் சொந்தக் குரலில், "தம்பி, இது எந்த வருஷம்?" என்றார்.

நாங்கள் ஆடும் கதை இரண்டாம் யுகம் 582இல் நடக்கிறது. ஸ்கைரிம் நான்காம் யுகம் 201. நடுவில் ஏறத்தாழ 950 வருஷம். 582இல் கஜீத்துகளும் வன எல்ஃபுகளும் உயர் எல்ஃபுகளும் ஒரே கூட்டணி. அந்த ஊரில் என் பூனைக்கு உரிமையோடு நடக்க இடமுண்டு. 1949க்கு முன்னால் எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. இன்றைய எல்லையை வைத்துக்கொண்டு அன்றைக்கு வாழ்ந்த ஆளை நடித்தால் எவ்வளவு தப்பாகும்! எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்த வாரமே என் குறிப்பு நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யுகமும், அதைச் சொன்னது யார் என்பதும் எழுத ஆரம்பித்தேன்.

யார் சொன்னது என்பதுதான் பெரிய திறப்பாக இருந்தது. இந்த விளையாட்டில் கிடைக்கும் புத்தகங்களை அந்த உலகத்து ஆட்களே எழுதியிருக்கிறார்கள், அவரவர் சார்போடு. கஜீத் குலத்தாய் சொல்லும் கதையில், முதலில் காட்டு மக்கள் என்று ஒரு கூட்டம். அதில் சிலரை அஸூரா என்ற தெய்வம் எடுத்து, பிறக்கும்போது இரு நிலாக்களும் இருக்கும் நிலையைப் பொறுத்து உருவம் மாறும் பூனைகளாக்குகிறாள். மிச்சம் இருந்தவர்கள் வன எல்ஃப் ஆனார்கள், அதோடு அவர்கள் நம்மோடு ஒரே ஈற்றுக் குட்டிகள் இல்லை என்று ஆயிற்று. எல்ஃபுகள் சொல்லும் கதையில் அஸூரா கிடையாது. உருவமற்று அலைந்தவர்களுக்கு யிஃப்ரே என்ற காட்டுத் தெய்வம் உருவம் கொடுத்தான், பதிலுக்குக் காட்டுச் செடிக்குத் தீங்கு செய்வதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அதனால்தான் பெரும்பாலும் கறியே தின்கிறார்கள். கஜீத்துக்கோ செடியிலிருந்து வரும் சர்க்கரை என்றால் உயிர்.

எது சரி என்று ஒரு வாரம் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன். எங்கள் தெரு மாரியம்மன்தான் அக்கா, அடுத்த ஊர் பகவதி தங்கை என்று அம்மாயி சொல்லும். அந்த ஊர்ப் பாட்டியைக் கேட்டால் பகவதிதான் சேச்சி. இரண்டு பேரும் இரண்டு திருவிழாவுக்கும் போவார்கள்.

போன சனிக்கிழமை தீ மூட்டி உட்கார்ந்து இரண்டு கதையையும் சொல்லிப் பார்த்தோம். அண்ணன் தன் கதையை முடித்ததும் உயர் எல்ஃபாக நடிக்கும் சித்தூர்க்காரன், "ரெண்டுல எது உண்மை?" என்று கேட்டான்.

"இந்த வாலுக்கு அதெல்லாம் தெரியாது," என்றேன். "ஒரு காலத்துல ஒரே ஈத்துல கிடந்தோம். அது தெரியும்."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எல்ஃபின் குரலிலேயே சொன்னார்: "உன் சர்க்கரை எனக்கு ஆகாது. கறியில பாதி எடுத்து வை."