எத்தனை மணிக்கு அடிபட்டது?

கேஷுவாலிட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தால் உறவினரிடம் நான் முதலில் கேட்பது "எப்படி அடிபட்டது?" என்றுதான். இப்போது "எத்தனை மணிக்கு?" என்றுதான் வாயில் வருகிறது.

மாற்றியது 'கிராஷ்-2' ஆய்வு. 40 நாடுகளில் 20,211 பேர், இந்தியாவும் உண்டு. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியைப் பாதிப் பேருக்கும், வெறும் சலைனை மீதிப் பேருக்கும் கொடுத்தார்கள். 2010-இல் முடிவு வந்தது: ஊசி போடாதவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், போட்டவர்களில் 14.5. அடுத்த ஆண்டு வந்த அலசல்தான் என்னை உலுக்கியது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறைகிறது, அதிலும் முதல் ஒரு மணி நேரத்தில் பலன் அதிகம். 3 மணி நேரம் தாண்டிப் போட்டால் அதே சாவு கூடுகிறது.

ஒரு நாள் இரவு 10.10-க்கு வேறொரு மருத்துவமனையிலிருந்து ஓர் இளைஞரை அனுப்பியிருந்தார்கள். இடுப்பெலும்பு முறிவு, பிபி 80. சீட்டில் எக்ஸ்ரே, தையல் எல்லாம் எழுதியிருந்தது. அடிபட்ட நேரம் இல்லை, என்ன ஊசி போட்டார்கள் என்பதும் இல்லை.

"சாயந்தரம் மேடம்" என்றார் அண்ணன்.

"சாயந்தரம்னா எப்போ?"

"சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டுத் திரும்பறப்ப."

"பால் வண்டி வந்துடுச்சா அப்போ?"

"இல்ல மேடம், கேனெல்லாம் வாசல்லயேதான் இருந்துச்சு."

அந்த ஊருக்குப் பால் வண்டி ஆறரைக்கு வரும். அப்படியென்றால் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. கையில் எடுத்த ஆம்பூலைத் திரும்ப டிரேயில் வைத்தேன். இடுப்பைப் போர்வையால் இறுக்கிக் கட்டி, ரத்தம் ஏற்றி, அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் முதலில் பார்த்த இடத்துக்கு அவர் அரை மணி நேரத்திலேயே போயிருக்கிறார். அங்கேயே ஓர் ஊசி போட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

அப்புறம் ரத்த வாந்தி. அதற்கும் இதே ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தோம். ரத்தம்தானே, எங்கிருந்து வந்தால் என்ன என்ற எண்ணம். 2020-இல் 'ஹால்ட்-இட்' ஆய்வு, 12,009 பேரைப் பார்த்துவிட்டு, சாவு குறையவில்லை என்றது. சிரை ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டுவதும் வலிப்பும்தான் சற்றுக் கூடின. அன்றோடு நிறுத்தினேன். நள்ளிரவில் கிட்னி டிரே நிறைய ரத்தத்தோடு சிஸ்டர் நிற்பார். "ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா மேடம்?" என்பார். அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. சொல்லிவிட்டு, ரத்தம் ஏற்பாடு செய்யவும் எண்டோஸ்கோப்பி உள்ள இடத்துக்குப் பேசவும் ஓடுவேன்.

108-இல் வரும் டெக்னீஷியன்களிடம் நேரத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். போன வாரம் ஸ்ட்ரெச்சர் உள்ளே வருவதற்கு முன்பே ஒருவர் "7.20 மேடம்!" என்று குரல் கொடுத்தார். சிஸ்டர் பிளாஸ்டரைக் கிழித்து சலைன் பாட்டிலில் ஒட்டி, பேனாவால் எழுதினார்: அடி 7.20, ஊசி 7.55.