துபாஷியின் நாட்குறிப்பு

அன்றன்று கண்டதையும் கேட்டதையும், அவற்றைப் பற்றித் தமக்குத் தோன்றியதையும் எழுதிவைக்கும் வழக்கம் தமிழில் அண்மையில் வந்தது என்று எண்ணுவோருக்கு ஆனந்தரங்கப் பிள்ளையைத்தான் காட்ட வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக, விளங்கிய அவர், 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761இல் இறக்கும் வரை, இடையிடையே விட்டுப்போன காலங்களும் இருந்தாலும், நாட்குறிப்பு எழுதினார்.

கப்பல்களின் வரவு, சரக்கு வியாபாரம், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானது, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது ஆகிய செய்திகளோடு, ஆளுநரின் மனைவி மீது தமக்கிருந்த கசப்பையும் அவர் ஒளிக்காமல் பதிந்திருக்கிறார். வரலாற்றாசிரியர்கள் போர்ச் செய்திகளுக்காக அதைப் புரட்டுகிறார்கள். எனக்கோ அந்தக் கசப்பும், ஆளுநர் தம்மைப் புகழ்ந்ததைச் சலிக்காமல் எழுதிக்கொள்ளும் பெருமிதமும்தான் (இதில் அவருக்குக் கூச்சமே கிடையாது) சுவையாக இருக்கின்றன. புலவர்களை ஆதரித்த செல்வராக இருந்தும், இலக்கண நடையை நாடாமல், பிறமொழிச் சொற்கள் தாராளமாகக் கலந்த அன்றைய பேச்சுத் தமிழிலேயே அவர் எழுதினார். செய்யுளே கல்விக்கு அடையாளமாகக் கருதப்பட்ட காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அன்று. அச்சேற்றும் எண்ணத்துடன் எழுதியிருந்தால், அந்தக் கசப்பில் பாதியையாவது அவர் நீக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.