ஷ்மிட் மண்டபத்திலிருந்து வடக்கே

பெசன்ட் நகர் பீச்சுக்கு வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு, ஷ்மிட் மண்டபத்தின் முன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே திரும்பி, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை நடந்து பாருங்கள், அதுவும் விடிகாலையில்.

அந்த வெள்ளை வளைவு, 1930-ல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்கு எழுப்பியது. நல்ல மனுஷன், மறுக்கவில்லை. ஆனால் அதே அலையில் இறங்கி ஆட்களை இழுத்துவரும் குப்பத்துக்காரர்களுக்கு ஒரு கல்லாவது நட்டிருக்கிறார்களா என்றால், என் கண்ணில் பட்டதில்லை.

கொஞ்ச தூரத்திலேயே ஆல்காட் குப்பம், அப்புறம் ஊரூர் குப்பம். பெசன்ட் நகர் வீட்டுமனைகளாக ஆவதற்கு ரொம்ப முன்பே இருந்த ஊர் இது. ஃபைபர் படகுகள் கரையேறும் நேரத்தில் போனால் வலையிலிருந்து சங்கராவையும் நெத்திலியையும் உதறிக்கொண்டிருப்பார்கள், பக்கத்திலேயே பெண்கள் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள், காற்று வாடையா தென்றலா, வெள்ளம் (கடல் நீரோட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பேர்) வன்னியா தெண்டியா என்று கடலை நமக்கு வாசித்துக் காட்டுவார்.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு விருந்தாளி உண்டு, பங்குனி ஆமை. ராத்திரியில் கரையேறி, துடுப்புக் கால்களால் மணலைத் தோண்டி, நூறு முட்டை போலப் போட்டு மூடிவிட்டுத் திரும்பிவிடும். குஞ்சுகள் பொரிய ஏழு வாரம்போல ஆகும். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நினைத்து ஓடுவதால், நம் தெருவிளக்குகள் அவற்றை ரோட்டுப் பக்கம் இழுத்துவிடுகின்றன. அதனால்தான் 1988-லிருந்து மாணவர்கள் சீசனில் இரவெல்லாம் இந்தக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். விசைப்படகு வலையில் சிக்கி, மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் செத்து ஒதுங்கும் ஆமைகளும் அவர்கள் கண்ணில் படும்.

கடைசியில் உடைந்த பாலம். 1967-ல் கட்டி, 1977 வெள்ளத்தில் போனது. சினிமாக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். எனக்குக் கீழே சேற்றில் நிற்கும் கொக்குகள்தான் பிடிக்கும், ஆற்று நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாவது நிற்பேன்.

காயப்போட்ட வலையை மட்டும் மிதிக்காதீர்கள். மீன் வாங்குவதென்றால் பையும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.