அலனின் சுருளும் சிடி மிஷினும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி, வந்துவிட்டது. 16 அமினோ அமிலங்கள். பெரும்பாலும் அலனின், நடுநடுவே லைசின். வெறும் அலனினாக இருந்தால் தண்ணீரில் கரையாமல் திரண்டுகொள்ளும், லைசின் அதற்காகத்தான். 1989இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் பால்ட்வின் குழு இந்த மாதிரி வரிசைகளைச் செய்து காட்டியது. இவ்வளவு குட்டிப் பெப்டைடு தண்ணீரில் தனியாகச் சுருளாக நிற்கும் என்று அதற்குமுன் பெரும்பாலோர் நினைக்கவில்லை.

இரு முனைகளையும் மூடித்தான் கேட்டிருந்தேன். மூடாவிட்டால் தொடக்க முனையில் நேர்மின்சுமை, கடைசி முனையில் எதிர்மின்சுமை. ஆல்பா சுருளுக்கே (புரதச் சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுற்றி நிற்கும் வடிவம்) அதே பக்கம் நேர், அதே பக்கம் எதிர் என்று ஒரு சாய்வு உண்டு. ஒத்த மின்சுமைகள் தள்ளும், சுருள் தளரும்.

மார்ச் 6, வியாழன்

இன்று சிடி மிஷின்: வட்டமாகச் சுழலும் ஒளியில் இடது, வலது எது எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அலைநீளம் அலைநீளமாக ஒப்பிட்டுச் சங்கிலியின் வடிவத்தைக் காட்டும் கருவி. பாஸ்பேட் பஃபர், 1 மி.மீ. குவார்ட்ஸ் குவெட் (கரைசல் வைக்கும் குட்டிப் பெட்டி), 4 டிகிரி. சோடியம் குளோரைடு சேர்க்கவில்லை. 200 நானோமீட்டருக்குக் கீழே குளோரைடே ஒளியை விழுங்கிவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குக் குளிர்ந்த குவெட் வெளியே எடுத்த மறுநொடி வியர்த்துவிடுகிறது. நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்ததால் மிஷினுக்குள் பிழைத்தது.

208 நானோமீட்டரில் ஒரு பள்ளம், 222இல் ஒரு பள்ளம். ஆல்பா சுருளேதான். சூடேற்ற ஏற்ற 222 பள்ளம் மேலேறிக்கொண்டே வந்தது, சுருள் அவிழ்கிறது. எல்லாக் கோடுகளும் 203 பக்கத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டன. திரும்பக் குளிரவிட்டதும் பழைய கோடு அப்படியே வந்தது.

மார்ச் 7, வெள்ளி

புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "அக்கா, ஹைட்ரஜன் பிணைப்புதானே சுருளைப் பிடிச்சு வச்சிருக்கு? அப்புறம் ஏன் 50 டிகிரிக்கே அவிழுது?"

பாடப்புத்தகம் பாதியோடு நிறுத்திவிடுகிறது. அவிழ்ந்த சங்கிலியின் ஆக்சிஜனும் என்-எச்சும் (நைட்ரஜனும் அதில் ஒட்டிய ஹைட்ரஜனும்) சும்மா இருப்பதில்லை, தண்ணீரோடு பிணைந்திருக்கும். சுருளும்போது அந்த இரண்டும் அறுந்து, சங்கிலிக்குள் ஒன்று, தண்ணீருக்குள் ஒன்று என்று புதிதாக இரண்டு வருகின்றன. எண்ணிக்கையில் லாபமே இல்லை. கையில் மிஞ்சும் ஆற்றல் சொற்பம். வெப்பம் ஏறினால், சங்கிலி இஷ்டப்படி ஆடும் சுதந்திரம் அதை எளிதாக வென்றுவிடும்.

அப்படியானால் சுருள் எப்படித்தான் சாத்தியமாகிறது? என்னைக் கேட்டால் முதல் மரியாதை, அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்டைடு பிணைப்பின் விறைப்புக்குத்தான். அந்தக் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி, நீளம் 1.32 ஆங்ஸ்ட்ராம், திரும்பாது. 1950இல் பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் சுருள்களை அலசியபோது இந்தத் தட்டைத்தன்மையைக் கட்டாயமாக்கவில்லை. சுருளின் ஒரு சுற்றுக்கு வரும் அமிலங்கள் முழு எண்ணாக வேண்டும் என்றும் பார்த்தார்கள். கோட்டைவிட்டார்கள். மறுவருடம் பாலிங், கோரி, பிரான்சன் சுற்றுக்கு ஏறத்தாழ 3.7 என்று போட்டார்கள், இன்றைய கணக்கு 3.6.

விறைப்பு போக, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மிஞ்சுவது இரண்டு கோணங்கள். அவற்றில் எவை அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் அமையும் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் கணக்கிட்டார்கள். படத்தில் பெரும்பகுதி காலி. ஆல்பா சுருள் கிட்டத்தட்ட -60, -45இல் ஒரு சின்னத் தீவு. போகிற இடம் கொஞ்சமாக இருப்பதால்தான் சொற்ப ஆற்றலே போதுமாகிறது.

பிள்ளையார் சுழி போடுவதுதான் கஷ்டம். முதல் ஹைட்ரஜன் பிணைப்பு விழ, நடுவிலுள்ள மூன்று அமிலங்களும் ஒரேசமயம் சரியான கோணத்துக்கு வந்தாக வேண்டும். அடுத்ததற்கு ஒன்று வந்தால் போதும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பஃபரில் ட்ரைஃபுளோரோஎத்தனால் என்ற ஆல்கஹால் 40 சதவீதம். இரண்டு பள்ளமும் நன்றாக ஆழமாயின. இந்தத் திரவம் பெப்டைடைச் சூழ்ந்து தண்ணீரை ஒதுக்கிவிடுகிறது. தண்ணீர் போனால் ஆக்சிஜனுக்கு என்-எச்சை விட்டால் கதியில்லை. செல் சவ்வுக்குள் இருக்கும் புரதங்கள் சுருளாகவோ பீட்டா தகடாகவோதான் இருந்தாக வேண்டும் என்பதும் இதனால்தான். எண்ணெய்ப் பிசுக்கு நடுவே துணையில்லாத என்-எச் ஒன்றை விட்டுவைப்பது பெரிய நஷ்டம்.

மாலையில் நடு அலனினுக்குப் பதில் புரோலின் வைத்த பெப்டைடு, வெறும் பஃபரில். 222இல் பள்ளமென்று சொல்ல ஒன்றுமில்லை. புரோலினின் நைட்ரஜனில் கொடுக்க ஹைட்ரஜன் கிடையாது. போதாக்குறைக்கு அதன் வளையம் முந்தைய அமிலத்தை இடிக்கிறது.

மார்ச் 13, வியாழன்

அடுத்த வரிசைக்கு ஆர்டர் போட்டாச்சு: குளுட்டமேட், அதிலிருந்து நான்காவது இடத்தில் லைசின். சுற்றுக்கு 3.6 என்பதால் இரண்டும் சுருளின் ஒரே பக்கத்தில் வந்து ஒன்றையொன்று இழுக்கும். பையன் ஐந்தாவது இடத்திலும் ஒன்று கேட்கிறான். அது எதிர்ப்பக்கம் போய்விடும், ஒப்பிட்டுப் பார்க்க நல்லதுதான். விலைதான் இடிக்கிறது.